இரண்டு நாள் பொறு, செவலை!

பதினோராம் வகுப்பு மாணவி, கிளியனூர்

'கூழானாலும் குளித்துக் குடி' என்பது நம் முன்னோர் சொல்லி வைத்த பழமொழி. காலையில் எழுந்ததும் குளிப்பது, வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துத் தலை முழுகுவது, பண்டிகை நாளில் பொழுது விடியுமுன் நீராடுவது என்று நம் வாழ்க்கையில் குளியலுக்கு இருக்கும் மதிப்பு பெரிது. நமக்கு நல்லதான குளியல் நம் வீட்டுப் பிராணிகளுக்கும் நல்லதுதான். ஆனால் எந்த நல்ல காரியத்துக்கும் அதற்குரிய வேளை ஒன்று உண்டு. நாய்க்கும் பூனைக்கும் தெள்ளுப்பூச்சி மருந்து போடும் சமயத்தில், அதற்கு முன்னும் பின்னும் சில நாள் குளிப்பாட்டாமல் இருப்பதே அறிவுடைமை. "இதற்கெல்லாமா ஒரு கட்டுரை?" என்று தோழியர் சிலர் சிரிக்கக்கூடும். சிரித்துவிட்டுப் படியுங்கள். சென்ற பொங்கலின்போது எங்கள் வீட்டில் மூன்று குட்டிகளின் உயிர் இந்தச் சின்னக் கணக்கில்தான் இருந்தது.

சிறிய பூச்சி, பெரிய தொல்லை

தெள்ளு என்பது இறக்கை இல்லாத பூச்சி. எள்ளை விடச் சற்றுச் சிறியது, பழுப்பு நிறம். இருபக்கமும் அமுக்கி வைத்தாற்போல் தட்டையான உடல் இருப்பதால் மயிர்க்கால்களுக்கு நடுவே சிரமமில்லாமல் ஓடும். பின்னங்கால்களின் பலத்தால் தன் உடல் நீளத்தைப் போல் பல பத்து மடங்கு தூரம் தாவும். பலரும் இதையும் உண்ணியையும் ஒன்றென நினைக்கிறார்கள். உண்ணிக்கு எட்டுக் கால்கள். அது சிலந்தியின் இனம். ஓரிடத்தில் கடித்துப் பிடித்துக்கொண்டு மொச்சைக் கொட்டை போல் உப்பும். தெள்ளுக்கு ஆறு கால்கள். அது ஓரிடத்தில் நிற்காது; கையில் அகப்படுவதும் கடினம்.

இந்தச் சிறு பூச்சியைச் சாதாரணமாக எண்ணிவிடக் கூடாது. 1896-ல் பம்பாயில் தோன்றிய பிளேக் நோய் நம் நாட்டில் எத்தனையோ குடும்பங்களை அழித்தது. அந்த நோயை எலியிடமிருந்து மனிதனுக்குக் கொண்டு வருவது எலியின் மேல் வாழும் தெள்ளே என்பதை 1898-ல் கராச்சி நகரில் சோதனை செய்து காட்டியவர் பால் லூயி சிமோன் என்னும் பிரெஞ்சு மருத்துவர். அன்று அவர் சொன்னதைப் பலர் நம்பவில்லை. பின்னால் வந்த ஆராய்ச்சிகள் அவர் கூறியதே உண்மை என்று நிலைநாட்டின. நம் வீட்டு நாய் பூனைகளின் மேல் இருப்பது வேறு இனத் தெள்ளு. அது பிளேக்கைப் பரப்புவதில் பேர் பெற்றதன்று. ஆயினும் அதற்கும் தனித் தொல்லைகள் உண்டு. நாய் தன் உடம்பைக் கடித்துக்கொள்ளும்போது தெள்ளை விழுங்கிவிட்டால் அதனுள் இருக்கும் நாடாப்புழுவின் இளம்பருவம் நாயின் குடலில் வளர்கிறது. சில நாய்களுக்குத் தெள்ளின் எச்சிலே ஒவ்வாமல் முதுகெல்லாம் புண்ணாகி மயிர் கொட்டிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, பெண் தெள்ளு நாளொன்றுக்குத் தன் எடையைப் போல் சுமார் 15 மடங்கு இரத்தம் குடிக்கிறது. பெரிய நாய்க்கு இது ஒரு பொருட்டல்ல. பிறந்து சில வாரமே ஆன குட்டியின் மேல் நூறு தெள்ளு ஏறினால் அதன் கதி என்ன?

எங்கள் வீட்டுச் செவலை

எங்கள் ஊர் கிளியனூர், திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி செல்லும் சாலையில் இருக்கிறது. நெல்லும் மணிலாவும் சவுக்கும் விளையும் பூமி. எங்கள் வீட்டில் ஒரு பசுவும் செவலை என்னும் நாயும் உண்டு. ராஜபாளையம், சிப்பிப்பாறை என்றெல்லாம் பெயர் சொல்லும்படியான சாதி நாய் அல்ல அது. செம்மண் நிறத்தில் நிமிர்ந்த காதுகளோடு இருக்கும் சாதாரண நாட்டு நாய். களத்தில் நெல் காயும்போது இரவெல்லாம் விழித்திருந்து காவல் காப்பது அதுதான். தாத்தா, "சம்பளம் கேக்காத வேலைக்காரி" என்று அதைப் புகழ்வார்.

கிறிஸ்துமசுக்கு முந்தின வாரம் செவலை நான்கு குட்டிகள் ஈன்றது. மாட்டுக் கொட்டகையின் மூலையில் பழைய கோணிச் சாக்குகளை விரித்து ஆயா இடம் செய்து கொடுத்தாள். முதல் பத்து நாள் எல்லாம் நன்றாகவே இருந்தது. பிறகு செவலை ஓயாமல் சொறியத் தொடங்கியது. பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே துள்ளி எழுந்து வால் அடியைக் கடித்துக்கொள்ளும். குட்டிகள் பாலை விட்டுவிட்டுக் கத்தும். என் தம்பியின் கணுக்காலிலும் சிவப்புச் சிவப்பாகத் தடிப்புகள் வந்தன.

புத்தாண்டு கழிந்து சில நாளில், இருந்தவற்றுள் சிறிய குட்டி பால் குடிக்காமல் ஒதுங்கிப் படுத்தது. மறுநாள் காலையில் அது எழுந்திருக்கவில்லை. ஆயா அதை ஒரு துணியில் சுற்றி வேப்பமரத்தடியில் புதைத்தாள். தம்பி அன்று முழுதும் சாப்பிடவில்லை. மிச்சம் மூன்று குட்டிகளை மடியில் எடுத்து வைத்து வாயைத் திறந்து பார்த்தேன். ரோஜா நிறத்தில் இருக்க வேண்டிய ஈறு, வெளுத்த காகிதம் போல் இருந்தது. தாத்தா பக்கத்தில் வந்து பார்த்தார். "ரத்தமே இல்ல, கண்ணு. நாளைக்கே டாக்டர் கிட்டக் காட்டிடலாம்" என்றார்.

மருத்துவர் கேட்ட கேள்வி

மறுநாள், அதாவது போகிக்கு முந்தின நாள், தாத்தா செவலையைக் கயிற்றில் பிடித்துக்கொள்ள, ஆயாவும் நானும் குட்டிகளைக் கூடையில் வைத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போனோம். அவர் செவலையின் முதுகு மயிரைச் சீவி, உதிர்ந்த கருந்துகள்களை ஒரு வெள்ளைக் காகிதத்தில் தட்டினார். அதன்மேல் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டார். கருப்பாயிருந்த துகள்களைச் சுற்றிச் செம்பழுப்பு நிறம் பரவியது. "இது மண் இல்லம்மா, தெள்ளு போட்ட எச்சம். அவ்வளவும் இதன் இரத்தம்தான்" என்றார். தோழியரே, தெள்ளு இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வந்தால் நீங்களும் இந்தச் சோதனையைச் செய்து பார்க்கலாம். தெள்ளு கண்ணுக்குப் படாவிட்டாலும் அதன் எச்சம் காட்டிக் கொடுத்துவிடும்.

குட்டிகளுக்கு இரத்தம் ஊற மருந்து எழுதினார். செவலையை நிறுத்துப் பார்த்தார்; 13 கிலோ இருந்தது. அந்த எடைக்கு ஏற்றபடி, பிப்ரோனில் என்னும் மருந்து அடைத்த சிறு குழல் ஒன்றை எழுதிக் கொடுத்தார். கழுத்தின் பின்புறம் மயிரை விலக்கித் தோலின் மேல் சொட்டாக விட வேண்டிய மருந்து அது. எழுதும்போதே, "கடைசியாக எப்போது குளிப்பாட்டினீர்கள்?" என்று கேட்டார்.

ஆயா பெருமையோடு பதில் சொன்னாள். "இன்னைக்குக் காலையிலதான் டாக்டர் ஐயா. உங்க கிட்ட அழுக்கா இட்டாரலாமா? ரெண்டு தடவ சோப்பு போட்டுத் தேச்சேன்."

மருத்துவர் சிரித்துக்கொண்டே, "அப்படியானால் இன்று மருந்து விடாதீர்கள். இரண்டு நாள் கழித்து விடுங்கள். விட்ட பிறகும் இரண்டு நாள் குளிப்பாட்டாதீர்கள்" என்று சொல்லிச் சீட்டை நீட்டினார். ஆயாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "குளிச்ச ஒடம்புக்குத்தானே மருந்து பிடிக்கும்?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள்.

எண்ணெய்ப் பசையில் ஓடும் மருந்து

ஆயாவின் கேள்வி நியாயமானதே. புண்ணுக்கு மருந்து போடுமுன் கழுவுகிறோம். தலைக்குப் பேன் மருந்து தேய்க்குமுன்னும் அழுக்கு நீக்குகிறோம். இந்தச் சொட்டு மருந்துக்கு மட்டும் ஏன் வேறு முறை? மருத்துவர் எங்களுக்குப் பொறுமையோடு விளக்கியதை எனக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன்.

நாயின் தோலில் மயிர்க்கால் ஒவ்வொன்றின் அருகிலும் எண்ணெய் சுரக்கும் சிறு சுரப்பி உண்டு. அந்த எண்ணெய் தோல் முழுதும் மெல்லிய படலமாகப் பரவி நிற்கிறது. நாம் கழுத்தில் விடும் பிப்ரோனில் இந்தப் படலத்தில் கரைந்து, நீரின் மேல் விட்ட எண்ணெய்த் துளி படர்வது போல, ஓரிரு நாளில் தலை முதல் வால் வரை பரவுகிறது. பிறகு அதே சுரப்பிகளில் போய்த் தங்கி, சுரக்கும் எண்ணெயோடு சேர்ந்து சிறிது சிறிதாக வெளிவருகிறது. ஒரே இடத்தில் விட்ட சொட்டு பல வாரங்களுக்கு உடல் முழுதும் காவல் செய்வதன் இரகசியம் இதுதான்.

இப்போது கணக்கைப் பாருங்கள். சோப்பு போட்டுக் குளிப்பாட்டினால் தோலின் எண்ணெய்ப் பசை போய்விடுகிறது. உடனே மருந்து விட்டால் அது பரவ வழியின்றி விட்ட இடத்திலேயே நிற்கும். மயிர் ஈரமாக இருந்தால் வழிந்தும் போகும். ஆகவே முன்னால் இரண்டு நாள் இடைவெளி. மருந்து விட்டபின் அது பரவிச் சுரப்பிகளில் போய்ச் சேருமுன்னே குளிப்பாட்டினால் காசு கொடுத்து வாங்கிய மருந்து கழுநீரோடு போய்விடும். ஆகவே பின்னால் இரண்டு நாள் இடைவெளி. அதன் பிறகும் அடிக்கடி சோப்பு போட்டால் மருந்தின் ஆயுள் குறையும். வாரம் ஒரு முறைக்கு மேல் வேண்டாம் என்பதே பொது விதி.

எல்லா மருந்துக்கும் இதே கணக்கு என்று நினைத்துவிடாதீர்கள். செலாமெக்டின் என்று ஒரு மருந்து உண்டு. அது தோலின் வழியே இரத்தத்தில் சேர்ந்து வேலை செய்வது. அதை விட்டு இரண்டு மணி நேரம் கழிந்தால் குளிப்பாட்டலாம். வாயால் விழுங்கும் மாத்திரைகளுக்கோ குளியலைப் பற்றிய கவலையே இல்லை. ஆகவே பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளைப் படிப்பதும் மருத்துவரைக் கேட்பதும் அவசியம்.

மூன்று நாள் கணக்கு

வீட்டுக்கு வந்து நாள்காட்டியைப் பார்த்தபோதுதான் சிக்கல் புரிந்தது. அன்று காலை குளியல். மறுநாள் போகி. அதற்கு மறுநாள் பொங்கல். அன்று காலையோடு இரண்டு நாள் நிறைகிறது, மருந்து விடலாம். ஆனால் அதற்கு அடுத்த நாள் மாட்டுப் பொங்கல்! அன்று எங்கள் ஊரில் ஆடு மாடெல்லாம் ஏரிக்குப் போகும். தேங்காய் நார் கொண்டு தேய்த்துக் குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் அடித்து, மஞ்சள் குங்குமம் வைத்து, நெட்டி மாலை போட்டு வீட்டுக்கு ஓட்டி வருவார்கள். செவலையும் குட்டியாய் வந்த ஆண்டு முதல் பசுவோடு ஏரிக்குப் போய்க் குளித்துவிட்டுத்தான் வரும்.

வழி இரண்டு இருந்தது. பொங்கலன்று மருந்தை விட்டு, மாட்டுப் பொங்கலுக்குச் செவலையை ஏரிக்கு அழைத்துப் போகாமல் இருப்பது ஒன்று. ஏரிக்கு அழைத்துப் போய்க் குளிப்பாட்டிவிட்டு, அதிலிருந்து இரண்டு நாள் கழித்து மருந்து விடுவது மற்றொன்று. இரண்டாவது வழியில் வழக்கமும் தவறாது, மருந்தும் வீணாகாது. ஆனால் குட்டிகள் மேலும் மூன்று நாள் தெள்ளுக்கு இரை கொடுக்க வேண்டும். வெளுத்த ஈறுள்ள குட்டிக்கு மூன்று நாள் என்பது சிறு காலமல்ல. குட்டிகளின் மேலேயே அந்த மருந்தை விடவும் முடியாது. எட்டு வாரம் நிரம்பாத குட்டிக்கு அது ஆகாதென்று மருத்துவர் திட்டமாகச் சொல்லியிருந்தார். தாயின் உடம்பில் தெள்ளு ஒழிந்தால்தான் குட்டிகளுக்கு விடிவு.

ஆயா முதல் வழிக்கு இணங்கவே இல்லை. "நான் இந்த ஊட்டுக்கு மருமகளா வந்த நாளா மாட்டுப் பொங்கலுக்குக் குளிக்காத சீவன் இந்த வாசப்படியில நின்னதில்ல. ஏர் மாடு ரெண்டையும் வித்தாச்சு. இருக்கிறது ஒரு பசுவும் இந்த நாயும். அதயும் குளிப்பாட்டக் கூடாதுன்னா என்ன பொங்கல்? குளிக்காத சீவனுக்கு எப்படிப் பொட்டு வெக்கிறது?" என்றாள். அவள் கோபத்தில் பேசவில்லை. அவள் குரலில் வருத்தம்தான் இருந்தது. செத்த குட்டியைத் தன் கையால் புதைத்தவள் அவள். பண்டிகையை ஒழுங்காகச் செய்தால் மிச்சமிருப்பவை பிழைக்கும் என்பது அவளுடைய நம்பிக்கை. பள்ளிக்கூடத்தில் படித்த நான் நாலு வார்த்தை சொல்லி அந்த நம்பிக்கையை உடைத்துவிட முடியுமா? உடைப்பதும் முறையாகுமா?

தாத்தா சொன்ன உவமை

இரவு சாப்பாட்டுக்குப் பின் தாத்தாதான் பேச்சைத் தொடங்கினார். அவர் எழுத்தறிந்தவர் அல்லர், ஆனால் பயிரறிந்தவர்.

"நெல்லுக்கு மருந்தடிக்கிறோமே, மொதல்ல எதப் பாக்கிறோம்?" என்று ஆயாவைக் கேட்டார்.

"வானத்தத்தான் பாக்கிறோம்" என்றாள் ஆயா.

"ஏன் பாக்கிறோம்? மருந்தடிச்ச அன்னைக்கு மழ பெஞ்சா மருந்தும் போச்சு, கூலியும் போச்சு. எலையில பனி ஈரம் இருந்தாலும் காயட்டும்னு காத்திருக்கோம். நாய்க்கும் அதே கததான். ஏரியில எறக்குறதும் அது மேல மழ பெய்யுறதும் ஒண்ணுதான்."

ஆயா சிறிது நேரம் பேசவில்லை. அந்த மருந்துக் குழலின் விலை அம்மா ஒரு நாள் நடவுக்குப் போய் வாங்கி வரும் கூலியைத் தின்றிருந்தது. அது ஏரித் தண்ணீரில் கரைவதை அவளால் நினைத்துப் பார்க்க முடிந்தது. தாத்தா மேலும் ஒன்று சொன்னார். "அந்த மருந்து மீனுக்கு வெசம்னு டாக்டர் சொன்னாரில்ல? நம்ம பசுவும் குடிக்கிற தண்ணி. ஊரு மாடெல்லாம் எறங்குற எடத்துல அதக் கலக்கலாமா?"

தாத்தா சொன்னது முற்றிலும் உண்மை. பிப்ரோனில் மீனுக்கும், இறாலுக்கும், நீரில் வாழும் சிறு பூச்சிகளுக்கும் கேடு செய்யும். மருந்து விட்ட நாயைக் குறைந்தது இரண்டு நாளுக்குக் குளம், ஏரி, ஆற்றில் இறக்கக் கூடாது என்பது மருந்துத் தாளிலேயே அச்சிட்டிருக்கும் எச்சரிக்கை.

கடைசியில் ஆயா, "சரி, செவல ஊட்டுலயே இருக்கட்டும். பொட்டு மட்டும் நான் வெப்பேன்" என்றாள். அதற்கு ஒரு தடையும் இல்லையே!

போகியும் பொங்கலும்

போகியன்று எங்களுக்கு வேறொரு வேலை இருந்தது. தெள்ளு நாயின் மேல் முட்டையிட்டாலும் அந்த முட்டை ஒட்டிக்கொள்ளாது. உதிர்ந்து நாய் படுக்கும் இடத்தில் விழும். நாளொன்றுக்கு ஒரு பெண் தெள்ளு 40, 50 முட்டைகூட இடுமாம். அவை பொரித்துப் புழுவாகி, கூடு கட்டி, பிறகு தெள்ளாகித் தாவுகின்றன. ஆகவே நாயின் மேல் நாம் காண்பது ஒரு சிறு பங்கே. பெரும் பங்கு படுக்கையிலும் தரையிடுக்கிலும் ஒளிந்திருக்கிறது. பழையன கழிக்கும் அந்நாளில் செவலை படுத்திருந்த கோணிச் சாக்குகளை முதலில் நெருப்பில் போட்டோம். கொட்டகையின் மூலையைச் சுரண்டிப் பெருக்கிக் குப்பையையும் எரித்தோம். தரையைச் சாணம் இட்டு மெழுகிக் காயவிட்டு, வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்திய பழைய வேட்டியை விரித்தோம். போகிப் பண்டிகை இவ்வளவு பொருத்தமாக எங்களுக்கு என்றும் அமைந்ததில்லை.

குட்டிகளைப் பேன் சீப்பால் சீவுவது என் பொறுப்பு. சீப்பில் வந்த தெள்ளுகளைச் சோப்பு நுரை கலந்த தண்ணீரில் உதறினேன். வெறும் தண்ணீரில் தெள்ளு எளிதில் சாகாது. சோப்புத் தண்ணீரில் மூழ்கிவிடும். முதல் நாள் ஒரு குட்டியிடம் மட்டும் முப்பதுக்கு மேல் எண்ணினேன். குட்டியின் உடம்பு குளிர்ந்துவிடாமல் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டே செய்ய வேண்டிய வேலை அது.

பொங்கலன்று காலையில் பானை பொங்கி, பூசை முடிந்த பின் மருந்து விட்டோம். குட்டிகள் பால் குடித்து முடிக்கும் வரை காத்திருந்து, அவற்றைக் கூடையில் வேறிடத்தில் வைத்தோம். தாத்தா செவலையைப் பிடித்துக்கொண்டார். அது நக்க முடியாத இடமாக, இரு தோள்களுக்கு நடுவே மயிரை இரண்டாக விலக்கி, தோல் தெரிந்த பின் குழலை அழுத்தி முழுவதையும் விட்டேன். மேலே தேய்த்துப் பரப்பக் கூடாது. அது தானே பரவும். பிறகு சோப்பு போட்டுக் கை கழுவினேன். மருந்து விட்ட இடம் நன்றாக உலரும் வரை தம்பியையும் குட்டிகளையும் கிட்டே விடவில்லை.

மறுநாள் மாட்டுப் பொங்கல். பசு மட்டும் ஏரிக்குப் போயிற்று. செவலை கொட்டகை வாயிலில் நின்று குரைத்துக்கொண்டே இருந்தது. மாலையில் ஆயா தட்டில் மஞ்சளும் குங்குமமும் எடுத்து வந்து, கழுத்துப் பக்கம் கை படாமல் நெற்றியில் மட்டும் பொட்டு வைத்தாள். நெட்டி மாலையை அதன் கழுத்தில் போடாமல் குட்டிகளின் கூடையைச் சுற்றிக் கட்டினாள். "அடுத்த வருசம் நாலு பேரும் ஏரிக்குப் போவலாம்" என்று அவற்றிடம் சொன்னாள். செவலையையும் மூன்று குட்டிகளையும் சேர்த்து அவள் எண்ணிய எண்ணிக்கை அது.

மூன்றாவது வாரம்

இரண்டாம் நாள் கழிந்தபோது விரித்திருந்த வேட்டியில் செத்த தெள்ளுகள் மிளகுப் பொடி போல் கிடந்தன. செவலை சொறிவதை விட்டுக் குட்டிகளுக்கு அமைதியாகப் பால் கொடுத்தது. சீப்பில் வரும் தெள்ளின் எண்ணிக்கை முப்பதிலிருந்து பத்தாகி, பிறகு இரண்டு மூன்றாகக் குறைந்தது. காணும் பொங்கல் கழிந்த மறுநாள், ஆயாவின் ஆசைப்படி இரண்டு குடம் தண்ணீரில் செவலைக்கு வீட்டிலேயே சோப்பில்லாத குளியல் நடந்தது. அந்தத் தண்ணீர் ஏரிக்கோ வாய்க்காலுக்கோ போகாமல் மண்ணிலேயே சுவறும்படி பார்த்துக்கொண்டோம்.

மூன்றாவது வாரம் மறுபடியும் சில தெள்ளுகள் தென்பட்டன. "மருந்து தோத்துப் போச்சு" என்று ஆயா பயந்தாள். மருத்துவரிடம் கேட்டபோது அவர் சொன்ன விளக்கம் எங்களுக்குப் புதிதாக இருந்தது. கூட்டுக்குள் உறங்கும் தெள்ளு பல மாதம்கூடக் காத்திருக்கும். நடமாட்டத்தின் அதிர்வும் உடற்சூடும் பட்டதும் வெளிவரும். தரையிடுக்கில் ஒளிந்திருந்த கூடுகளிலிருந்து வந்தவையே இவை. செவலையின் மேல் ஏறிய ஓரிரு நாளுக்குள் அவையும் மடிந்துவிடும். மடியுமுன் முட்டையிட வாய்ப்பின்றிப் போவதால் அடுத்த தலைமுறை குறையும். இப்படி இரண்டு மூன்று மாதம் விடாமல் மருந்து விட்டால்தான் வீடு சுத்தமாகும். ஒரு முறை விட்டுவிட்டு, "பலனில்லை" என்று கைவிடுவதால்தான் பலரும் ஏமாறுகிறார்கள் என்றார் அவர்.

குட்டிகளின் ஈறு சிறிது சிறிதாகச் சிவந்தது. மாசி மாதம் பிறந்தபோது மூன்றும் வைக்கோல் போரில் ஏறி உருண்டுகொண்டிருந்தன.

தோழியருக்குச் சில சொற்கள்

பிராணிகள் வளர்க்கும் தோழியர் மனத்தில் கொள்ள வேண்டிய சில செய்திகளைக் கூறி முடிக்கிறேன். நாய்க்கு வாங்கிய மருந்தைப் பூனைக்கு விடாதீர்கள். நாய் மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் கலந்திருக்கிறது. அதைச் சிதைத்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்குப் போதாது. வலிப்பு வந்து உயிரே போகலாம். முயல் வளர்ப்போர் பிப்ரோனிலைத் தொடவே வேண்டாம். முயலுக்கு அது நஞ்சு. மண்ணெண்ணெய் தடவுவதும், தரை கழுவும் மருந்தை ஊற்றிக் குளிப்பாட்டுவதும் தோலைப் பொசுக்கிவிடும். மாட்டு உண்ணிக்கு அடிக்கும் மருந்தை மிச்சமிருக்கிறதே என்று நாயின் மேல் ஊற்றுவதும், வயலுக்கு அடிக்கும் மருந்தில் அதே பெயர் இருக்கிறதே என்று எடுப்பதும் ஆபத்தானவை. பெயர் ஒன்றாயிருந்தாலும் அளவும் சேர்மானமும் வேறு.

தாத்தாவின் வாலிபத்தில் கொட்டகையெல்லாம் கமாக்சின் தூளைத் தூவுவார்களாம். அந்தத் தூள் மண்ணிலும் பாலிலும் தங்கிக் கேடு செய்வது தெரிந்து, 1997-ல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. இன்றைய சொட்டு மருந்து அதைவிட எவ்வளவோ மேல். ஆனாலும் அதுவும் மருந்துதான். அளவும் வேளையும் அறிந்தே கையாள வேண்டும்.

ஐயம் வந்தால் கேட்பதற்கு இடங்களும் இருக்கின்றன. சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-ல் தொடங்கியது. நம் மாநிலத்துக்கெனத் தனிக் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் 1989-ல் ஏற்பட்டது. எங்கள் பக்கத்தவருக்குப் புதுச்சேரி குரும்பாபேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் பேருந்துத் தொலைவில் இருக்கிறது. மருத்துவர் எழுதிய சீட்டோடு அவர் சொன்ன நாள் கணக்கையும் நாள்காட்டியில் குறித்து வையுங்கள். குளிப்பாட்டிய நாளுக்கு ஒரு வட்டம், மருந்து விட்ட நாளுக்கு ஒரு புள்ளி போதும். எங்கள் வீட்டு நாள்காட்டியில் இப்போது ஆயாவே கரிக்கட்டையால் அந்தப் புள்ளியை வைக்கிறாள்.

வாயில்லாச் சீவன் தனக்கு என்ன வேண்டுமென்று கேட்காது. அதற்காகக் கணக்குப் பார்க்க வேண்டியவர்கள் நாம். அன்பு காட்டுவதற்கும் ஒரு வேளை உண்டு. அந்த வேளை வரும் வரை பொறுத்திருப்பதும் அன்பே அல்லவா? பதறாத காரியம் சிதறாது.